மாத்திரை போட்டாச்சா, அப்புறம்? – காசநோய் வார்டுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில, மாவட்டக் காசநோய் அலுவலர்களுக்கும், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், வார்டில் இரவு பகலாக நிற்கிற மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். டி.ஃபார்ம் முடித்து இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். போன வருடம் ஐந்து வாரம் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒரு மருத்துவமனையின் டிபி வார்டில், அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது. மேலும், அதில் என் தவறும் பாதி இருக்கிறது.

அப்பா லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். வயது அறுபத்து நான்கு. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சேர்த்தபோது எடை 41 கிலோ, தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை. சளியில் கிருமி இருந்தது. எடைக்குத் தக்கபடி தினமும் காலையில் மூன்று மாத்திரை. நான்கு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது, இருமல் அடங்கியது. தேறிவிட்டார் என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் வாக்கில் இட்லியைத் தொடாமல் வைத்தார். "வயித்தப் புரட்டுதுடா" என்றார். டூட்டி சிஸ்டரிடம் சொன்னேன். "ஏடிடி போட்டா அப்படித்தாங்க இருக்கும், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார். ஏடிடி என்றால் காசநோய் மருந்து. அவர் சொன்னது தப்பில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் சரியாகும். படித்தவன் நான் என்ன செய்தேன்? என் கடையிலிருந்தே அசிடிட்டிக்குப் போடுகிற பான்டோபிரசோல் ஒரு அட்டை கொண்டுவந்து, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போடச் சொன்னேன். நான்கு நாள் அப்படியே போனது. அவர் கஞ்சியும் வேண்டாம் என்றார், சதா தூங்கினார். உடம்பு தேறுகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலை அவரை வராந்தாவில் வெயில் படட்டும் என்று உட்கார வைத்திருந்தேன். வார்டைக் கூட்டுகிற அக்கா அந்த வழியாக வந்தவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார். "தம்பி, அப்பா கண்ணு மஞ்சளா இருக்கே, பாக்கலையா?" என்றார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான், பூசணிப்பூ மாதிரி. அன்று மதியம் வந்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டுகிற எஸ்ஜிபிடி நானூறைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் அது. அன்று காலை மூன்று மாத்திரையும் உள்ளே போயாகிவிட்டது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் பத்தொன்பது கட்டத்திலும் டிக் அடித்திருந்தது. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அந்த டிக்குகளைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற நோயாளி யாராவது பயந்துவிடக் கூடாது. காசநோய் மருந்து உயிர் காக்கிற மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்தில் குணமாகிறார்கள். தானாக நிறுத்துவதைப் போல ஆபத்து வேறில்லை. கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாற அதுவே வழி. அப்பாவும் அதே மருந்துகளால்தான் பிழைத்தார். நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. மருந்து கொடுத்த பிறகு ஆளைப் பாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அறியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. பைரசினமைட் மூட்டு வலியையும் கொண்டுவரும். ஐசோனியசிட் பாதங்களை மரத்துப்போக வைக்கும். எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தாக்கும். மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில்தான் கல்லீரல் பாதிப்பு அதிகம் தலைகாட்டும். வாந்தி, வயிற்றுவலி, மஞ்சள் கண் போன்ற அறிகுறியோடு எஸ்ஜிபிடி இயல்பைவிட மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருந்தை நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டிலிருந்து கட்டிலுக்கு வரும் வழியில் எங்கே தொலைகிறது என்பதுதான் கேள்வி.

நான் பார்த்ததில் அது தொலைகிற ஒரு இடம் சிறுநீர். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை வார்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறார்கள், நல்ல விஷயம். சொல்லாத இடங்களில் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மஞ்சள் காமாலையில் முதலில் தெரிகிற அடையாளமே சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போவதுதான். டிபி நோயாளிக்கு அந்த எச்சரிக்கை மணி ஏற்கெனவே சாயத்தில் முங்கிக் கிடக்கிறது. "சிறுநீர் கலரா போகுது" என்று அப்பா சொன்னபோது, "அது மருந்துதாம்பா" என்று நானே பதில் சொன்னேன். மிச்சம் இருப்பது கண். வார்டில் ராவும் பகலும் டியூப்லைட்; அந்த வெளிச்சத்தில் லேசான மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கூட்டுகிற அக்காவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனதற்கு அந்த வராந்தா வெயில் ஒரு காரணம். அவர் தினமும் எல்லா முகத்தையும் பார்க்கிறவர் என்பது இன்னொரு காரணம்.

இன்னொரு விஷயம், சொன்னால் விசித்திரமாக இருக்கும். இன்று காசநோய்க்கு மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலான நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த வழியை உலகத்துக்குக் காட்டியதே சென்னைதான். 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இப்போது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அங்கே நடந்த ஆய்வுதான் சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் மருந்து ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்று 1959-ல் நிரூபித்தது. அதற்குப் பிறகுதான் டிபி என்றால் ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் படுக்கை என்ற வழக்கம் போனது. ஆகவே இன்று வார்டுக்கு வருபவர்கள் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள். எலும்பும் தோலுமாக வருபவர்கள், குடியால் கல்லீரல் ஏற்கெனவே நொந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், வயதானவர்கள்.

கல்லீரல் பாதிப்புக்கு யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பாடப்புத்தகத்தில் பார்த்தால் ஏறக்குறைய இதே பட்டியல்தான்: வயது, ஊட்டமின்மை, மது, ஹெபடைடிஸ் பி அல்லது சி, எச்ஐவி. எந்த மருந்து யாரை அதிகம் சோதிக்குமோ, அவர்களைத்தான் நாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். கவனிக்க வசதியான இடம் அது. ஆனால் அதே இடத்தில்தான் கவனம் தப்பவும் செய்கிறது, ஏனென்றால் இவர்களிடம் எல்லா அறிகுறிக்கும் நோய் என்ற பதில் தயாராக இருக்கிறது. சாப்பிடவில்லையா, டிபி. சோர்வா, டிபி. கால் மரத்துப்போகிறதா, அது சர்க்கரை. அப்பாவுக்குப் பாதம் எரிகிறது என்று சொன்னபோது எல்லாரும் சர்க்கரை என்றோம். பைரிடாக்சின் மாத்திரை, நாம் பி6 என்று சொல்வது, அவருக்கு எழுதியிருக்கிறதா என்று பார்க்க எனக்கே ஒரு வாரம் ஆனது. எழுதியிருந்தது, ஸ்டாக் இல்லை. ஐசோனியசிட்டால் வரும் நரம்பு பாதிப்புக்கு பைரிடாக்சின் எப்படி உதவுகிறது என்று 1960-களிலேயே ஆய்வு செய்தவர்கள் அதே சென்னை மையத்துக்காரர்கள். என் கடையில் ஒரு டீ காசுக்கு ஒரு அட்டை கிடைக்கும். இதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

டிக் எப்படி வந்தது என்பதும் புரியாமல் இல்லை. 1997-லிருந்து படிப்படியாக நாடு முழுக்க, நோயாளி மாத்திரை விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற முறையில் திட்டம் நடந்தது. அதற்கு முன்பு பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். விழுங்கினாரா என்பதே அன்றைய பெரிய கவலை, நியாயமான கவலை. 2017-ல் வாரம் மூன்று நாள் என்பது தினசரி மருந்தாக மாறியது. நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் நோயாளியின் பெயர், எடை, மருந்து, ஊட்டச்சத்துப் பணம் எல்லாம் ஏறுகிறது. இவ்வளவும் செய்தவர்கள் நீங்கள். ஆனால் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றுதான்: மாத்திரை போட்டாச்சா? அது முடிந்ததும் சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். போட்ட மாத்திரை உங்களை என்ன பண்ணுது என்று கேட்க கேஸ் ஷீட்டில் இடமில்லை. இடமில்லாததை யாரும் எழுதுவதில்லை, எழுதாததை ரவுண்ட்ஸில் யாரும் கேட்பதில்லை.

செய்ய முடியாத காரியமா என்றால், தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. ஐந்தே விஷயம்: எடைக்கும் உயரத்துக்குமான கணக்கு, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இந்த ஐந்தையும் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை, லேப் வேண்டியதில்லை. களப்பணியாளர் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, இவர் ஆபத்தில் இருக்கிறார், படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அப்பாவை அன்று சேர்த்துக்கொண்டதும் இப்படித்தான். நிற்க முடியவில்லை என்ற ஒரு வரி அவரை உள்ளே கொண்டுவந்தது. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மரியாதை உண்டு. பெரிய கருவி எதுவும் வாங்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதியே உயிரைக் காக்க முடியும் என்று நம்பிச் செய்தது அது.

நான் கேட்பது அதன் அடுத்த பக்கம். வாசலில் ஐந்து கேள்வி கேட்டு உள்ளே எடுத்துக்கொண்டவரிடம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னும் சில கேள்வி. கட்டில் தலைமாட்டில் தொங்குகிற ஒரே ஒரு தாள், தமிழில். நேற்று சாப்பிட்டாரா, வாந்தி உண்டா, பகல் வெளிச்சத்தில் கண் எப்படி இருந்தது, பாதத்தில் மரப்பு அல்லது எரிச்சல் உண்டா, பார்வை மங்குகிறதா, அரிப்பு அல்லது தடிப்பு உண்டா, பேச்சில் நடத்தையில் மாற்றம் உண்டா. இதற்கு மேல் வேண்டாம். கேள்வி நீண்டால் அதுவும் டிக் அடிக்கிற தாளாகிவிடும், எனக்கு அந்த பயம் உண்டு. இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை என்று தாள் சொன்னால், அசிடிட்டி மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது மட்டும் வார்டு விதியாக இருந்தால் போதும். அப்பாவுக்கு அந்த விதி இருந்திருந்தால் பதினேழாம் நாளே தெரிந்திருக்கும்.

முதல் மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. கல்லீரல் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சர்க்கரை, எச்ஐவி இவை பெரும்பாலும் நடக்கின்றன. கண் பார்வையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இப்போது எத்தாம்பியூட்டால் ஆறு மாதமும் கொடுக்கப்படுகிறது. அது தரும் பாதிப்பில் முதலில் போவது பல பேருக்கு நிறம், குறிப்பாகச் சிவப்பும் பச்சையும். என் கடைக்கு வருகிற ஒரு தையல்காரர், டிபி மருந்தில் நான்காவது மாதம் இருந்தவர், ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: பச்சை ரவிக்கைக்கு அரக்கு நூல் போட்டுத் தைத்துவிட்டாராம், வாங்க வந்த அம்மா சண்டை போட்டுவிட்டுப் போனாராம். வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். நான் அவரை அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினேன். மருந்தை நிறுத்தினார்கள், கொஞ்ச மாதத்தில் நிறம் திரும்பி வந்தது. எல்லாருக்கும் திரும்பி வராது. புள்ளி புள்ளியாக வண்ணத்தில் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகம், டிரைவிங் லைசென்ஸுக்குக்கூடக் காட்டுவார்கள், அதில் ஒன்று ஒவ்வொரு டிபி வார்டிலும் இருந்தால் என்ன? தொடக்கத்தில் ஒரு முறை, மாதம் ஒரு முறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நெருக்கமாக. ஆரம்பத்தில் பார்த்து வைக்காவிட்டால் பிறகு என்ன குறைந்தது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் மஞ்சள் பை. எங்கள் வார்டில் பாதிக் கட்டிலில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதற்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள்: சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. இவற்றை வார்டு கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற பல மருந்துகளை வேகமாக எரித்துவிடும். சில சர்க்கரை மாத்திரைகளின் வேலை பாதியாகிவிடும், ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் அளவு போதாமல் போகும், கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, எச்ஐவி மருந்தில் டோலுடெக்ராவிர் இருந்தால் ஒரு வேளையை இரண்டு வேளையாக்க வேண்டும். அப்பாவின் சர்க்கரை இருநூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல் நின்றபோது, "வீட்டுச் சாப்பாடு கொடுக்கிறீங்களா, இனிப்பு கொடுக்கிறீங்களா" என்று என்னைத்தான் விசாரித்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர்களாக மட்டும் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு நாள் அவர்கள் டிபி வார்டுக்குள் நடந்து வந்து மஞ்சள் பைகளைக் கொட்டிப் பார்க்கட்டும். என் தொழில்காரர்களுக்கு வேலை வைக்கிறேன் என்று அவர்கள் திட்டக்கூடும். திட்டட்டும்.

பாதிப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் ஒரு ஓட்டை இருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். எண் இறங்கும்வரை, கல்லீரலை அதிகம் தொடாத எத்தாம்பியூட்டாலும் லெவோஃப்ளாக்சாசினும் போட்டார்கள். இயல்பைப் போல இரண்டு மடங்குக்குக் கீழே வந்ததும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற வேண்டும்: முதலில் ரிஃபாம்பிசின், சில நாள் பார்த்து ரத்தம் எடுத்து, பிறகு ஐசோனியசிட். எது குற்றவாளி என்று அப்படித்தான் தெரியும். ஆனால் திட்டத்தில் வருவது நான்கும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது. தனித்தனி மாத்திரை அன்று அங்கே கையிருப்பில் இல்லை. மாவட்டத்துக்குக் கேட்டு எழுதி, வர ஐந்து நாள். வெளியே வாங்கலாம் என்று ஓடினேன். மருந்துக்கடைக்காரன் எனக்கே ரிஃபாம்பிசின் 450 மி.கி. தனியாகக் கிடைக்க மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. படுக்கையில் நோயாளிகளை வைத்திருக்கிற ஒவ்வொரு வார்டிலும் தனி மாத்திரைகளின் சிறு இருப்பு எப்போதும் இருக்க வேண்டும். இது பெரிய செலவு இல்லை. கடைசியில் பைரசினமைட்டை அப்பாவுக்குத் திரும்பக் கொடுக்கவில்லை. அதனால் ஆறு மாத சிகிச்சை ஒன்பது மாதமானது.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாளில் "மருந்துகளைத் தொடரவும்" என்று இருந்தது. கல்லீரல் கதை அதில் ஒரு வரிகூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைப் பார்த்த பணியாளர், நல்ல பையன், வழக்கமான கூட்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டான். நான் கூட இருந்ததால் நின்றது. கூட யாரும் இல்லாதவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியில், சிவப்பு மையில், தமிழில் இருக்க வேண்டும். நிக்‌ஷயிலும் ஏற வேண்டும்.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்கள் படுத்திருக்கும் பக்கத்தில் இந்தக் கவனிப்பு கொஞ்சம் மேல். பெடாகுயிலின் என்ற புதிய மருந்து தொடங்கினால் ஈசிஜி எடுக்கிறார்கள், இதயத் துடிப்பின் இடைவெளி நீள்கிறதா என்று பார்க்கிறார்கள். புதிய மருந்துகளுக்கு முனைப்பான பாதுகாப்புக் கண்காணிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் நெறி வகுத்ததும், 2016-ல் இந்தியாவில் பெடாகுயிலின் சில மையங்களில் மட்டும் கவனமாகத் தொடங்கியதும் அதற்குக் காரணம். அங்கேயும் லினசோலிட் போடுபவர்களின் பாதத்தை, ரத்த அணுக்களை, கண்ணை விடாமல் பார்க்க வேண்டும். சைக்ளோசெரின் போடுபவர்களின் மனநிலையைக் கேட்க வேண்டும். முன்பு கனாமைசின் ஊசி இருந்தது. குணமாகி, காது கேட்காமல் வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் கனாமைசினையும் கேப்ரியோமைசினையும் பரிந்துரையிலிருந்து எடுத்தபோது, பல நாடுகளின் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் எடுத்தது. யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதி வைத்த பதிவுகள் அவை. புதிய மருந்துக்குக் காட்டுகிற அந்த அக்கறையைப் பழைய நான்கு மருந்துக்கும் கேட்கிறேன். பழகிய மருந்து என்பதால் அதன் மேல் சந்தேகம் வருவதில்லை.

அந்தப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-லிருந்து நமக்கு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. எந்த மருந்தால் எந்தத் தொந்தரவு என்று சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. டாக்டர், சிஸ்டர், மருந்தாளுநர், நோயாளி யாரும் தெரிவிக்கலாம். நோயாளிக்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. அப்பா விஷயத்தில் படிவம் போட்டீர்களா என்று கேட்டேன். டாக்டர் கொஞ்சம் தயங்கி, "எதுக்குங்க வம்பு, நல்லாத்தானே ஆயிட்டார்" என்றார். அந்த வம்பு என்ற சொல்லை நான் புரிந்துகொள்கிறேன். படிவம் போட்டால் விசாரணை வரும், யார் கவனிக்கவில்லை என்று கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டியவர் நீங்கள். படிவம் அனுப்பிய வார்டைக் கேள்வி கேட்காதீர்கள். நாற்பது கட்டில் இருந்தும் வருடம் முழுக்க ஒரு படிவம்கூட அனுப்பாத வார்டைக் கேளுங்கள். படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன்.

இதையெல்லாம் நோயாளியிடம் கேட்டால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் கவுண்ட்டரில் நின்றவன் சொல்கிறேன்: கேட்காமல் விட்டவர்கள்தான் நிறுத்துகிறார்கள். வாந்தி வருகிறது, சொன்னால் திட்டுவார்கள் என்று மாத்திரையை வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்து, பாத்ரூமில் துப்பிவிட்டு வருவார்கள். எங்கள் பக்கத்துக் கட்டில் அண்ணன் அதைத்தான் செய்தார். அவர் கேஸ் ஷீட்டிலும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

ஆள் பற்றாக்குறை என்பது நிஜமான பதில், அதை நான் தட்டிக் கழிக்கவில்லை. இரவில் ஒரே சிஸ்டர், நாற்பது கட்டில், நடுவில் ஒருவருக்கு ரத்த வாந்தி. அவரிடம் போய் ஏழு கேள்வி கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே அந்தத் தாளைக் கூட இருப்பவர்களிடம் கொடுங்கள். நாங்கள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். எண்ணுவதற்கு மின்விசிறியின் இறக்கைதான் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட தாள் கொடுக்கலாம். கூட யாருமே இல்லாதவர்களின் தாளை மட்டும் சிஸ்டர் நிரப்பட்டும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேஸ் ஷீட்டுக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்க்கட்டும். கூட்டுகிற அக்காவுக்கும் சொல்லி வையுங்கள், மஞ்சளாகத் தெரிந்தால் சொல்லலாம் என்று. அவர் அன்று என்னிடம் சொன்னதுகூட ரகசியம் மாதிரி, சிஸ்டர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

தாளின் மாதிரி ஒன்றை எழுதி இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். எழுதும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது 52 கிலோ. முதல் கேள்வியாக "குமட்டல் அல்லது வாந்தி உள்ளதா?" என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இப்படிக் கேட்டா எவனும் இல்லன்னுதான் சொல்வான்" என்றார். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, தன் மெக்கானிக் கையெழுத்தில் எழுதினார்: "நேத்து சாப்பிட்டது உள்ள நின்னுச்சா?"

அதை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன்